முள்ளெலிக்கு முன்னால் பூச்சிக்குச் சோறு போடுங்கள்

அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் போன்ற நாடுகளில் வீட்டுப் பிராணியாக விற்கப்படும் முள்ளெலி பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலிதான். பொதுவாக அரைக் கிலோ எடைகூட இருக்காது. பகலெல்லாம் தூங்கி, இருட்டியதும் மூக்கைத் தரையில் வைத்துப் பூச்சி தேடும் பிராணி அது. வீட்டில் அதற்குத் தினசரி உணவு முள்ளெலித் தீவனமோ தரமான பூனைத் தீவனமோதான். கூடவே வாரத்தில் சில நாள் கொஞ்சம் உயிருள்ள பூச்சிகள் கொடுப்பார்கள்.

கூண்டுக்கும் ஓடும் சக்கரத்துக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்பவர்கள்கூட இந்தப் பூச்சி டப்பாவைப் பொருட்படுத்துவதில்லை. கடையில் கொடுத்த டப்பா அப்படியே ஃபிரிட்ஜுக்குள், தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. முள்ளெலியின் எலும்பும் ஈரலும் மட்டுமல்ல, வீட்டுப் பிள்ளையின் வயிறும் அந்த டப்பாவோடு சம்பந்தப்பட்டவை.

பூச்சி தின்றதைத்தான் முள்ளெலி தின்கிறது

பூச்சி என்றாலே சத்து என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. புரதம் நிறைய உண்டு என்பது உண்மைதான். கால்சியத்தில்தான் குறை. உணவில் கால்சியம் பாஸ்பரசுக்குச் சமமாகவோ இரண்டு மடங்கு வரையிலோ இருந்தால்தான் எலும்பு நன்றாக இருக்கும். மாவுப்புழுவில் கணக்கு தலைகீழ். சில பகுப்பாய்வுகளில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் 10 மடங்குக்கும் மேல் இருந்திருக்கிறது. கிரிக்கெட் பூச்சியிலும் அதே குறைதான். பிளாக் சோல்ஜர் ஈயின் புழு மட்டும் விதிவிலக்கு, அதில் கால்சியமே கூடுதல்.

அடுத்தது கொழுப்பு. கிரிக்கெட் பூச்சியில் ஏறத்தாழ 7 சதவீதம், மாவுப்புழுவில் 13, மெழுகுப்புழுவிலோ உயிர் எடையில் கால் பங்கு. முள்ளெலி மெழுகுப்புழுவை ஆசையாகத் தின்னும் என்பதற்காகத் தினமும் கொடுத்தால் அது ஊதிப்போகும். முள்ளெலியால் உடம்பை முழுதாகச் சுருட்டிப் பந்தாக முடியவில்லை என்றால் அதற்கு எடை கூடிவிட்டது என்று அறியலாம்; ஈரலில் கொழுப்பு படியும் ஆபத்தும் அதற்கு உண்டு. மெழுகுப்புழுவை எப்போதாவது ஒன்றிரண்டோடு நிறுத்திவிட வேண்டும் என்பதே என் கருத்து.

கால்சியக் குறையை ஈடுகட்ட இரண்டு வழிகள் இருக்கின்றன. கொடுப்பதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பு பூச்சிக்குக் கீரை, கேரட், கால்சியம் சேர்த்த பூச்சித்தீவனம் ஆகியவற்றை வயிறு நிறையத் தின்னக் கொடுப்பது ஒன்று. கால்சியம் பொடியில் பூச்சியைப் புரட்டிக் கொடுப்பது மற்றொன்று. புரட்டியதும் உடனே கொடுத்துவிட வேண்டும். கிரிக்கெட் பூச்சி தன் உடம்பைத் தானே துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும். தாமதித்தால் பொடி உதிர்ந்துபோகும். பட்டினி கிடந்த பூச்சியைக் கொடுத்தால் கால்சியக் குறை அப்படியே நிற்கும்.

எதைக் குளிரில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

எல்லாப் பூச்சியையும் ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று நினைத்துத்தான் பலரும் பணத்தை இழக்கிறார்கள். இங்கே சொல்லும் பூச்சிகளில் ஃபிரிட்ஜின் குளிரை நன்றாகத் தாங்குவது மாவுப்புழு. 7 முதல் 10 டிகிரி செல்சியஸில் அது அசைவற்று உறங்கும், கூட்டுப்புழுவாக மாறாமல் வாரக்கணக்கில் இருக்கும். வழக்கமான ஃபிரிட்ஜின் உள்ளறை இதைவிடக் குளிர்ந்தது என்பதால் கதவுப்பக்கம் வைப்பது நல்லது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குக் கோதுமைத் தவிடோ ஓட்ஸோ பரப்பி அதில் விட வேண்டும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, ஒரு துண்டு கேரட்டோ உருளைக்கிழங்கோ போட்டு ஒரு நாள் வைத்திருந்து, மிச்சத் துண்டை அகற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வைக்கலாம். ஈரத்துண்டை உள்ளேயே விட்டால் தவிட்டில் பூஞ்சை பிடிக்கும்.

பார்வைக்கு மாவுப்புழுவின் அண்ணன் போலிருக்கும் சூப்பர்வோர்மைக் குளிரில் வைத்தால் செத்துவிடும். அறை வெப்பமே அதற்குப் போதும். டூபியா கரப்பானும் அப்படியே. மெழுகுப்புழுவுக்கு 13 முதல் 16 டிகிரி வரையிலான குளுமையான இடம் ஏற்றது.

அதிகம் கவனிக்க வேண்டியது கிரிக்கெட் பூச்சியை. நெருக்கமாக அடைத்தால் ஒன்றையொன்று கடித்துத் தின்னும். காற்று புகாத டப்பாவில் எச்சத்திலிருந்து அம்மோனியா வாடை கிளம்பி மொத்தமும் செத்துவிடும். உலோக வலை வைத்த மூடி, ஒளிந்துகொள்ள முட்டை அட்டை, தண்ணீருக்குப் பதிலாக ஈரக் காய்த்துண்டு இவ்வளவும் தேவை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் விழுந்து மூழ்கும். செத்த பூச்சிகளைத் தினமும் பொறுக்கி எறிய வேண்டும். டப்பாவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தால் அதிலிருந்து எதையும் முள்ளெலிக்குக் கொடுக்காதீர்கள்.

நான் சொல்லும் யோசனை எளியது: ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். வளர்ந்த முள்ளெலிக்கு ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டிப் பூச்சிக்கு மேல் வேண்டியதில்லை. ஆயிரம் புழுக்களை மலிவு விலையில் வாங்கிப் பாதியைக் குப்பையில் கொட்டுவதில் லாபம் ஏது? சிறு அளவு என்றால் ஃபிரிட்ஜே தேவைப்படாது.

சமையலறைக்கு வெளியே

முள்ளெலி பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்துகொண்டே எச்சத்தில் சால்மோனெல்லா கிருமியை வெளியேற்றக்கூடியது. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2012இலும் 2019இலும் வளர்ப்பு முள்ளெலிகளோடு தொடர்புடைய சால்மோனெல்லாப் பரவலைப் பல மாநிலங்களில் கண்டறிந்து எச்சரித்தது. முள்ளெலியை முத்தமிடக் கூடாது, முகத்தோடு அணைக்கக் கூடாது, சமையலறையில் உலவவிடக் கூடாது, அதன் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது என்பவை அந்த மையம் சொன்னவை. பூச்சிகளின் குடலிலும் இதே கிருமி இருக்க முடியும் என்பதால், பூச்சிப் பெட்டிக்கும் இந்த விதிகளைப் பொருத்தியே ஆக வேண்டும்.

குளிரில் வைத்தே தீர வேண்டும் என்றால் தனியாகச் சிறு ஃபிரிட்ஜ் நல்லது. அதற்கு வசதியில்லாவிட்டால், காற்றுத்துளையுள்ள டப்பாவைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, பெயர் எழுதி, சமைத்த உணவும் பச்சையாகத் தின்னும் காய்கறியும் படாத இடத்தில் வையுங்கள். பூச்சியை எடுக்க இடுக்கியைப் பயன்படுத்துங்கள். சூப்பர்வோர்ம் கடிக்கவும் செய்யும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், கிருமிநாசினித் திரவம் மட்டும் போதாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் இந்தப் பெட்டியைத் தொடாமலிருப்பதே நல்லது. மாவுப்புழு வளர்ந்து மாறிய வண்டைக் குழந்தை தவறிப்போய் விழுங்கினால், எலிகளிடம் காணப்படும் குட்டை நாடாப்புழு அதன் குடலுக்குள் புகவும் வாய்ப்புண்டு. தானியங்களில் வாழும் வண்டுகள் அந்த நாடாப்புழுவின் இடைநிலை விருந்தோம்பிகள்.

தும்மலும் தடிப்பும்

பூச்சிப் பெட்டியால் வரும் ஒவ்வாமையைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பூச்சி உதிர்த்த தோலும் உலர்ந்த எச்சமும் தவிட்டோடு தூசாகக் கலந்திருக்கும். சலிக்கும்போது அது மூக்கில் ஏறினால் சிலருக்கு அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, தோல் தடிப்பு, ஆஸ்துமா வரும். இறால், நண்டு ஒவ்வாதவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். இறாலிலும் பூச்சியிலும் இருக்கும் டிரோபோமயோசின் என்ற புரதம் ஒன்றையொன்று ஒத்தது. வீட்டுத் தூசி உண்ணி ஒவ்வாதவர்களுக்கும் இது பொருந்தும். பெட்டியைத் திறந்த வெளியில், முகக்கவசமும் கையுறையும் அணிந்து சுத்தம் செய்யுங்கள்.

தோட்டத்துப் பூச்சி ஆகாது

வெட்டுக்கிளியும் வண்டும் தோட்டத்திலேயே கிடைக்கும்போது எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று தோன்றலாம். அவை பூச்சிமருந்து பட்டவையா, எந்த ஒட்டுண்ணியைச் சுமப்பவை என்று பார்த்தால் தெரியாது. மீன் தூண்டிலுக்கென விற்கும் புழுக்களும் வேண்டாம்.

பூச்சியை மட்டுமல்ல, முள்ளெலியையும் வெளியிலிருந்து பிடித்துவரக் கூடாது. தமிழ்நாட்டின் வறண்ட காடுமேடுகளில் வாழும் முள்ளெலி வேறு இனம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. அதைப் பிடித்துவந்து கூண்டில் வைப்பது குற்றம். வெளிநாடுகளிலும் எல்லா ஊரிலும் வளர்ப்பு முள்ளெலிக்கு அனுமதி கிடையாது: கலிஃபோர்னியாவிலும் ஹவாயிலும் நியூயார்க் நகரத்திலும் தடை இருக்கிறது. வாங்குவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால், முள்ளெலியும் பூச்சிப் பெட்டியும் வைத்திருப்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.