எது கறை?

தொலைக்காட்சி விளம்பரங்களை நம்மைவிடக் கூர்ந்து கவனிப்பவர்கள் நம் பிள்ளைகளே. என் மனதில் நின்ற இரண்டைக் கூறுகிறேன்.

2005-இல் வந்த சர்ஃப் எக்ஸல் விளம்பரத்தில், சேற்றில் விழுந்து அழும் தங்கைக்காக அண்ணன் அந்தச் சேற்றையே அடிக்கிறான்; அது மன்னிப்புக் கேட்டுவிட்டதென்று அவளைத் தேற்றுகிறான். இது எனக்கு மிகவும் பிடித்தது.

வருந்தச் செய்தது ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரம். மகன் இல்லையே என்று தகப்பன் ஏங்குகிறார். மகள் களிம்பு பூசி, நிறம் மாறி, விமானப் பணிப்பெண்ணாகிறாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் எதிர்த்தது. 2003-இல் அது நிறுத்தப்பட்டது. 2020-இல் களிம்பின் பெயரும் மாறியது.

முன்னது கறையிலும் அன்பைக் காட்டிற்று. பின்னது தோலின் நிறத்தையே கறையாக்கிற்று. உங்கள் மகளிடம், "நீ கறுப்பு, உன்னை யார் கட்டுவார்?" என்று விளையாட்டாகவும் சொல்லாதிருங்கள். விளம்பரத்தை நிறுத்தலாம், தகப்பன் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற இயலாது.