கால்நடைப் பரீட்சகர் கிராண்ட் மெக்யூவன்

கனடா தேசத்தின் மேற்கிலுள்ள மானிடோபா, சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா மாகாணங்களில் பரந்த புல்வெளிகள் உண்டு. அவற்றை உழுது குடியேறியவர்கள் பெரும்பாலும் கோதுமையையே நம்பியிருந்தனர். 1929-ல் புஷல் ஒரு டாலருக்கு மேல் விற்ற கோதுமை, 1932 டிசம்பரில் 40 சென்டுக்கும் கீழே இறங்கிற்று. மழையும் பொய்த்தது. அக்காலத்தில் சில பசுக்களை வைத்திருந்த குடும்பத்திற்குப் பாலாவது மிஞ்சியது. கோதுமை ஒன்றையே விதைத்தவருக்குக் கடனே மிஞ்சியது.

ஆயினும் மாட்டுக்குத் தீனி வேண்டுமே! 1937-ல் வறட்சி முற்றியபோது, முள் நிறைந்த ருஷ்யக் களைச்செடியை இளசாக அறுத்து உலர்த்திப் போட்டவர்களும் உண்டு. அத்தகைய நிலையில் எந்தப் பசுவை வைத்துக்கொள்வது, எதை விற்றுவிடுவது என்று அறிவதே குடும்பத்தைக் காக்கும் வித்தையாயிற்று.

இவ்வித்தையைக் கற்பித்தவர்களில் ஒருவர் கிராண்ட் மெக்யூவன். 1902-ல் பிராண்டன் நகரை அடுத்துப் பிறந்த இவர், குவெல்ஃப் நகரிலிருந்த ஒன்டாரியோ விவசாயக் கலாசாலையில் 1926-ல் பட்டம் பெற்றார். அயோவாவில் மேற்படிப்பு முடித்து, 1928-ல் சஸ்காட்சுவான் சர்வகலாசாலையில் கால்நடை வளர்ப்பு ஆசிரியராக அமர்ந்தார். வகுப்பறையோடு நில்லாமல், ஊர்தோறும் சென்று உபந்நியாசங்கள் செய்தார். கண்காட்சிகளில் பரீட்சகராக இருந்து பரிசுக்குரிய பிராணிகளைத் தெரிந்தெடுத்தார்.

கால்நடைகளைச் சோதிக்கும் பயிற்சியில் நான்கு பிராணிகளை வரிசையாக நிறுத்துவர். மாணவன் அவற்றைத் தரப்படுத்துவதோடு, ஒன்றைவிட மற்றொன்று ஏன் மேல் என்பதையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். நேரான முதுகு, அகன்ற மார்பு, கோணாத கால்கள், பசுவாயின் மடியின் அமைப்பு ஆகியவை காரணங்களாகும். பொலிகாளையின் விஷயத்தில் இச்சோதனை மிகவும் அவசியம். பசுவின் குறை அதன் கன்றுகளோடு நிற்கும். காளையின் குறையோ மந்தை முழுவதும் பரவும்.

மெக்யூவன் 1946-ல் மானிடோபா சர்வகலாசாலையின் விவசாயப் பகுதித் தலைவரானார். 1963 முதல் 1965 வரை கால்கரி நகர மேயராகவும், 1966 முதல் 1974 வரை ஆல்பர்ட்டாவின் லெப்டினன்ட் கவர்னராகவும் விளங்கினார். கால்நடைகளைப் பற்றியும் புல்வெளி மக்களின் சரித்திரத்தைப் பற்றியும் பல நூல்கள் எழுதி, 2000-ல் தமது 97-ஆம் வயதில் காலமானார்.

கண்காட்சியில் பரிசு பெறுவது ஒரு பிராணிதான். ஆனால் அது பரிசு பெற்ற காரணத்தைக் கேட்டறிந்த குடியானவர் ஒவ்வொருவரும் லாபத்துடன் வீடு திரும்புவர். அங்கத்தினர்கள் கன்றோ காளையோ வாங்குமுன் விலையைக் கேட்பதோடு காரணத்தையும் கேட்பது நலம்.