யானையைக் கட்டித் தீனி போட்டவன்

யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம்மவர் ஒரு வழக்குச் சொல்லுவதுண்டு. நான் கட்டிய யானைக்குத் தும்பிக்கை இல்லை. நான்கு சில்லுகள் உண்டு. நீளம் பத்தடிதான். ஆயினும் அது தின்ற தீனியை எண்ணும்போது, உண்மையான யானையே மலிவாக இருந்திருக்குமோ என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றியதுண்டு.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கணிதம் படிப்பித்துவிட்டு 2017 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். பணிக்கொடையாகக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, 1964 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மினி கூப்பர் கார் ஒன்றை வாங்கினேன். சாட்டியிலே, கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டில் வாழ்பவன் பழைய பந்தயக் கார் ஒன்றை வாங்குவது அறிவுடைமையா என்று என் தங்கை கேட்டாள். கேள்வி நியாயமானது. விடை சொல்ல எனக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன.

ஆசைக்கு ஒரு வேர் இருந்தது. என் தகப்பனாரிடம் ஒஸ்ரின் ஏ-40 கார் ஒன்று இருந்தது. 1990 ஆம் ஆண்டில் தீவுப் பகுதியில் போர் மூண்டபோது, நாங்கள் அக்காரிலேயே பண்ணைப் பாலத்தைக் கடந்து நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பொருளாதாரத் தடையால் பெற்றோல் கண்ணுக்கு எட்டாத பொருளாகிவிட்ட அக்காலத்தில், யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மறந்தவர் யார்? சிறு போத்தலில் காத்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேற்றரில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பிப்பார்கள். அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடும். நகரமெங்கும் அந்தப் புகையின் மணம். 1995 இடப்பெயர்வின்போது காரை விட்டுவிட்டுப் போனோம். 1996 இல் திரும்பி வந்தபோது முருங்கை மரத்தின்கீழ் அதன் எலும்புக்கூடு மாத்திரம் கிடந்தது. தகப்பனார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். கார் என்றால் எனக்கு அந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும்.

இனி மினியின் பிறப்பைச் சிறிது சொல்லவேண்டும். 1956 ஆம் ஆண்டில் சுயஸ் கால்வாய் நெருக்கடி ஏற்பட்டு இங்கிலாந்திலே பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. அதன் விளைவாகவே குறைந்த எண்ணெயில் ஓடும் சிறிய கார் வேண்டுமென்று அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. 1959 இல் மினி வெளிவந்தது. எண்ணெய்ப் பஞ்சத்திலே பிறந்த பிள்ளை என்பதால், பஞ்சம் அறிந்த நமக்கு அது உறவுமுறைதான். அந்தச் சாதுவான பிள்ளையைப் பந்தயக் கார் செய்யும் ஜோன் கூப்பர் கையில் எடுத்தார். 1961 இல் இரட்டைக் கார்புரேற்றரும், முன் சில்லுகளுக்கு வட்டத்தட்டுப் பிரேக்கும் பூட்டப்பட்டு, 34 குதிரைவலு 55 குதிரைவலுவாயிற்று. அதனிலும் வலிய கூப்பர் எஸ் 1964 ஆம் ஆண்டில் பனி படர்ந்த மொன்ரி கார்லோ ஓட்டப்போட்டியிலே பெரிய கார்களையெல்லாம் பின்தள்ளி முதலிடம் பெற்றது. நம் நாட்டிலும் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 முதல் வரலாறு உடையது. அத்தகைய போட்டிகளின் படங்களைப் பத்திரிகையில் வெட்டி வைத்த சிறுவர்களில் நானும் ஒருவன்.

கார் தெற்கேயிருந்து வந்தது. விற்றவர் இன்னார் என்று சொல்லப்போவதில்லை. சிவப்பு நிறம் கண்ணாடிபோல் மின்னியது. நான் அந்த மினுக்கத்தை வாங்கினேன். வேலணையில் பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். மண்ணெண்ணெய்க் காலத்தில் கைதேர்ந்தவர் அவர். சட்டைப் பையிலிருந்து சிறிய காந்தம் ஒன்றை எடுத்துக் கதவின் கீழ்ப்புறத்தில் வைத்தார். காந்தம் பிடிக்காமல் கீழே விழுந்தது. மற்றப் பக்கத்திலும் வைத்தார். அங்கும் விழுந்தது.

"மாஸ்ரர், இது இரும்பில்லை, பசை. கறளுக்கு மேல பூசி மினுக்கியிருக்கினம். போக முதல் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே?"

"பிழைதான் அண்ணை. இப்ப என்ன செய்யிறது?"

"வெட்டி எடுத்துத் தகடு வைச்சு ஒட்டத்தான் வேணும். இரும்புக்குக் கறள் எண்டது மனிசருக்குப் புற்றுநோய் மாதிரி."

பழைய கார் வாங்க விரும்பும் அன்பர்களுக்கு நான் சொல்லும் முதற் பாடம் அந்தக் காந்தமே. இரண்டாவது பாடம், பெயரை நம்பவேண்டாம் என்பது. சாதாரண மினிக்குக் கூப்பர் என்ற பட்டயத்தை ஒட்டி விற்பவர்கள் உலகெங்கும் உண்டு. முன் சில்லைக் கழற்றி வட்டத்தட்டுப் பிரேக் உண்டா என்று பார்க்கவேண்டும்; இயந்திர இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடவேண்டும். என் கார் அந்த வகையில் உண்மையானதே; உடம்புதான் பொய்.

நோய்களை ஒழுங்காகச் சொல்கிறேன். மினியில் பின் சில்லுகளைத் தாங்கும் சட்டம் அடிப்பாகத்திலே தனியே பூட்டப்பட்டிருக்கும். சேறும் ஈரமும் தங்கி அது உள்ளிருந்து உக்கிப்போவது குளிர்நாடுகளிலேயே பேர்பெற்ற நோய். சோளகக் காற்று வைகாசி தொடங்கி ஆவணி கடந்தும் உப்பை அள்ளி வீசும் சாட்டியிலே அந்த நோய் எவ்வளவு விரைவாக முற்றும் என்று சொல்லவேண்டியதில்லை. முதல் ஆண்டிலேயே சட்டத்தையும் இரு பக்கக் கீழ்ப்படிகளையும் மாற்ற நேர்ந்தது. வாங்கிய விலையில் மூன்றிலொரு பங்கு அதற்கே போயிற்று.

இயந்திரமும் கியர்பொக்சும் ஒரே ஒயிலைப் பகிர்ந்துகொள்வது மினியின் தனித்தன்மை. பற்சக்கரங்கள் அந்த ஒயிலை அரைத்து விரைவிலே நீர்த்துப்போகச் செய்கின்றன. ஆகையால் ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடுமுன்பே ஒயிலை மாற்றிவிடுதல் நன்று. ஒயிலில் மிச்சம் பிடிப்பவன் கியர்பொக்சில் இழப்பான்.

மின்பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூற்றர் காரின் முன்சல்லடைக்கு நேர் பின்னே நிற்கிறது. வாடை மழையில் வேகமாக ஓடினால் தண்ணீர் அதன்மேல் அடித்து இயந்திரம் நின்றுவிடும். இதற்கு உலகறிந்த மருந்து ஒன்றுண்டு: வீட்டு வேலைக்குப் பயன்படும் இறப்பர்க் கையுறையை அதன்மேல் மாட்டி, விரல்களின் வழியே கம்பிகளை வெளியே விடுவது. என் தங்கையின் கையுறை ஒன்று அவ்வாறுதான் காணாமற் போயிற்று.

முன் சில்லுகளைச் சுழற்றும் மூட்டுகள் இறப்பர் உறைக்குள் கொழுப்புப் பூசி வைக்கப்பட்டவை. உறை கிழிந்தால் மணல் புகும். சாட்டியிலே மணலுக்குப் பஞ்சமா? சுக்கானை முழுதும் திருப்பும்போது டிக், டிக் என்று ஓசை கேட்டால் மூட்டுத் தேய்ந்துவிட்டது என்று பொருள். உறையின் விலை சிறிது; மூட்டின் விலை பெரிது. மாதம் ஒருமுறை குனிந்து பார்ப்பவனுக்குச் சிறிய செலவோடு முடியும்.

இரட்டைக் கார்புரேற்றரோ சுகமான நோய். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும். ஒரு இறப்பர்க் குழாயின் நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை ஒவ்வொரு வாயிலும் பிடித்து, இரைச்சல் ஒத்திருக்கிறதா என்று கேட்டுத் திருகவேண்டும். மெக்கானிக் அண்ணை கண்களை மூடிக்கொண்டு அதைச் செய்வதைப் பார்த்தால் வீணைக்குச் சுருதி கூட்டுபவரைப் போலிருக்கும். எரிபொருளிலும் ஒரு சங்கடம் உண்டு. ஈயம் கலந்த பெற்றோலை நம்பிச் செய்யப்பட்ட இயந்திரம் இது. 2002 ஆம் ஆண்டோடு இலங்கையில் ஈயப் பெற்றோல் நின்றுபோயிற்று. ஈயமில்லாத பெற்றோலில் நெடுநாள் கடுமையாக ஓட்டினால் வால்வுகள் அமரும் இருக்கைகள் தேய்ந்துபோகும். கடினமான உலோக வளையங்களைப் பதிப்பதே தீர்வு. அதையும் செய்தேன்.

இவையனைத்தும் செலவு. இனிச் சொல்லப்போவது குற்றம்.

2019 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தில் அளவு சிறிது சிறிதாகக் குறைந்துவருவதை நான் ஒரு மாதமாகக் கண்டிருந்தேன். அக்காலத்து மினியில் நான்கு சில்லுகளுக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியால் போகிறது. ஓரிடத்தில் ஒழுகினால் எல்லாம் போயிற்று. கணித ஆசிரியனுக்கு இது புரியாதா? புரிந்தது. ஆனால் அந்த மாதத்துப் பணத்தை நான் முன்பே வேறொன்றுக்கு ஒதுக்கியிருந்தேன்: மின்னும் புதிய சில்லுகளுக்கு.

தங்கையின் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளை முன்னாசனத்தில் இருத்திக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். மண்கும்பான் கடந்து அல்லைப்பிட்டியை நெருங்கும்போது பசு ஒன்று வீதிக்கு வந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதிகட்டை எதிர்ப்பின்றி அடித்தட்டு வரை போயிற்று. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, காரை வீதியோர மணலில் இறக்கினேன். பனைமட்டை வேலி ஒன்றை முறித்துக்கொண்டு கார் நின்றது. பசு திரும்பிப் பாராமல் நடந்து போயிற்று. பிள்ளையின் நெற்றி புடைத்திருந்தது. அவள் அழவில்லை. "மாமா, கார் ஏன் நிக்கேல்லை?" என்று மாத்திரம் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் உண்மையான விடை சொல்லவில்லை. எண்ணெய் ஒழுகிவிட்டது என்றேன். மாமா சில்லு வாங்கினார் என்று சொல்லியிருக்கவேண்டும்.

காரை இழுத்துச் சென்ற நாளில் மெக்கானிக் அண்ணை திட்டவில்லை. "மாஸ்ரர், ஓடுறதுக்கு எல்லாரும் செலவழிப்பினம். நிக்கிறதுக்குத்தான் முதல் செலவழிக்க வேணும்," என்றார். அன்றிலிருந்து என் கணக்குப் புத்தகத்தில் செலவுகளின் வரிசை மாறிற்று. முதலில் பிரேக், இரண்டாவது சுக்கானும் ரயரும், மூன்றாவது கறள், நான்காவது நீரும் ஒயிலும், ஐந்தாவது இயந்திரத்தின் வலு, கடைசியில் நிறமும் மினுக்கமும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. கடற்கரையில் உள்ளவர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை முற்றாக மாற்றிவிடுவது நல்லது.

கறளுக்கு மருந்து நன்னீர். உப்புக்காற்றில் ஓடிவந்த காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். இங்கேதான் எனக்கு ஒரு மனச்சங்கடம். தீவுப் பகுதியின் கிணறுகளில் பல உவர்நீர்க் கிணறுகள். சாட்டியின் மணலுக்கடியில் ஊறும் நன்னீரைப் பிற ஊர்களுக்கும் ஏற்றிச் செல்கிறார்கள். ஒரு குடம் தண்ணீருக்கு மனிதர் காத்திருக்க, காரைக் குளிப்பாட்டுவதா? ஈற்றில் ஒரு வழி கண்டேன். தென்னையின் அடியிலே காரை நிறுத்தி, ஒரு வாளி நீரும் துணியும் கொண்டு துடைப்பேன். தென்னைக்கு ஊற்றவேண்டிய நீர் காரின் வழியாகத் தென்னைக்குப் போகிறது. அதற்குமேல் ஒரு வாளியும் இல்லை.

2022 ஆம் ஆண்டு வந்தது. ரூபாயின் மதிப்புச் சரிந்தது. இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய உதிரிப்பாகங்களின் விலை ஏறக்குறைய இரட்டித்தது. ஆனி மாதத்தில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. பின்னர் அடையாளக் குறியைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோம். எண்ணெய்ப் பஞ்சத்தில் பிறந்த கார் மறுபடியும் எண்ணெய்ப் பஞ்சத்தைக் கண்டது. பல மாதங்கள் அது கிடுகுக் கொட்டிலில் உறங்கிற்று. உறங்கும் காரும் தின்னும்: பற்றரி இறக்கும், இறப்பர் காயும், பிரேக் உருளைகள் இறுகும். காப்புறுதியும் வருட வரியும் உறங்குவதில்லை.

விற்றுவிடத் தீர்மானித்தேன். சென்ற ஆண்டு இளைஞர் ஒருவர் நகரத்திலிருந்து வந்தார். நிறத்தைக் கண்டதும் அவருடைய கண்கள் மின்னின. ஏழு ஆண்டுக்கு முன் என்னுடைய கண்களும் அவ்வாறே மின்னியிருக்கும். விலையைப் பற்றிப் பேசவே இல்லை. எப்போது எடுத்துச் செல்லலாம் என்று கேட்டார். நான் உள்ளே போய்க் கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். வெட்டிய தகடு, மாற்றிய மூட்டு, இன்னும் மாற்றவேண்டிய வலப்பக்க அடித்தட்டு, அல்லைப்பிட்டி வேலி, பிள்ளையின் நெற்றி எல்லாம் அதில் இருந்தன. திண்ணையில் இருந்து ஒரு மணி நேரம் வாசித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார், திரும்பி வரவில்லை.

"ஏன் காட்டினனீங்கள்?" என்று தங்கை கோபித்தாள்.

எனக்கு விற்றவர் காட்டியிருந்தால் நானும் வாங்கியிரேன் என்றேன். அவள் அதற்கு மறுமொழி சொல்லவில்லை.

ஆகவே யானை இன்னும் கொட்டிலில்தான் நிற்கிறது. அதற்குத் தீனி போடுவதில் எனக்கு வருத்தமில்லை. எந்தத் தீனியை முதலில் போடவேண்டும் என்பது இப்போது தெரியும். மருமகளுக்கு இப்போது பதினைந்து வயதாகிறது. சென்ற ஞாயிறன்று சாட்டிக் கடற்கரை வரை போய்வரலாமா என்று கேட்டாள். ஏறுமுன் அவளே முன்மூடியைத் திறந்து பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. அதன் பின்னரே ஏறி அமர்ந்தாள்.