வணிக முறைமை (செயலி ஒருங்கிணைப்பு)

வணிக முறைமை என்பது, நிறுவனச் செயலிகளை ஒருங்கிணைக்கும்போது, செய்தியை அனுப்பும் அல்லது பெறும் செயலிக்கு இடப்படும் தருக்கப் பெயர் ஆகும். ஒரு செய்தி யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது என்ற வினாவுக்கு விடையாவது இப்பெயரே. கணினியின் பெயரோ வலையமைப்பு முகவரியோ அன்று. எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மென்பொருளிலும், பின்னர் பிராசஸ் இன்டகிரேஷன் எனப் பெயர் மாறிய அதன் பதிப்புகளிலும் இச்சொல் வழங்குகிறது. இவற்றுள் 7.5 பதிப்பின் பொதுப் பராமரிப்பு 2027 இறுதி வரை என அந்நிறுவனம் அறிவித்துள்ளது.

தொழில்நுட்ப முறைமையும் வணிக முறைமையும்

இரண்டும் சிஸ்டம் லேண்ட்ஸ்கேப் டைரக்டரி எனப்படும் பொதுப் பதிவேட்டில் பதியப்படுகின்றன. தொழில்நுட்ப முறைமை, நிறுவப்பட்ட மென்பொருளையும் அது இயங்கும் வழங்கியையும் குறிக்கும். அதன்மேல் வரையறுக்கப்படுவது வணிக முறைமை. ஏபாப் வகை வழங்கியில் மூன்றிலக்க எண் கொண்ட ஒவ்வொரு கிளையண்டும் தனி வணிக முறைமையாகலாம். ஆகவே ஒரே வழங்கியில் பல வணிக முறைமைகள் இருக்கக்கூடும். எஸ்.ஏ.பி. அல்லாத பிற மென்பொருள்களையும் இவ்வாறே பதியலாம்.

திருத்தணி: ஓர் எடுத்துக்காட்டு

திருத்தணி சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கிரயப் பத்திரம் பதிவாவதாகக் கொள்வோம். தமிழ்நாட்டில் பத்திரப்பதிவுக்கு ஸ்டார் மென்பொருளும் (இதன் 2.0 பதிப்பு 2018-இல் தொடங்கப்பட்டது), வருவாய்த்துறையின் நில ஆவணங்களுக்குத் தமிழ்நிலம் மென்பொருளும் பயன்படுகின்றன. பட்டா மாறுதலுக்கு முன்னதன் விவரம் பின்னதற்குச் செல்ல வேண்டும். கீழ்வரும் வரையறைகள் கருத்தை விளக்குவதற்கு மட்டுமே. அத்துறைகளின் உண்மை அமைப்பைக் குறிப்பன அல்ல.

அனுப்புநர் ஒன்றே: பதிவுத்துறைச் செயலி. திருத்தணிக்கு ஒன்று, பள்ளிப்பட்டுக்கு ஒன்று என அலுவலகந்தோறும் வணிக முறைமை வரையறுப்பது தொடக்கநிலையாளர் செய்யும் தவறு. அலுவலகத்தின் பெயர் செய்திக்குள் இருக்கும் ஒரு புலம் மட்டுமே. பெறுநர் பக்கம் நிலை வேறு. ஊரக நில ஆவணங்களும் நகர நில அளவைப் பதிவேடுகளும் தனித்தனியே பேணப்படுவதால், அவை ஒரே கணினியில் இருந்தாலும் இரண்டு வணிக முறைமைகளாகக் கொள்வதே பொருத்தம். நகர மனையின் பத்திரம் ஊரகப் பதிவேட்டுக்குச் சென்றால், அங்கு அந்தப் புல எண்ணே இராது. அல்லது, அதைவிடக் கேடாக, வேறொருவருடைய நிலத்துக்கு அதே எண் இருக்கும்.

பெயரிடல்

வரையறுத்த பெயர் அமைவுப் பொருள்கள் பலவற்றில் இடம்பெற்றுவிடுவதால், பின்னர் மாற்றுவது கடினம். எனவே மாறக்கூடிய எதையும் பெயரில் சேர்க்கலாகாது. திருத்தணியே இதற்குச் சான்று. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்து செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1997-இல் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வந்தது. மாவட்டப் பெயரைத் தாங்கிய முறைமைப் பெயர் எதுவும் இதற்குள் இருமுறை பொய்த்திருக்கும். வழங்கியின் பெயரோ இன்னும் விரைவில் மாறும்.

இடமாற்ற இலக்கு

உருவாக்கம், சோதனை, உற்பத்தி ஆகிய மூன்று சூழல்களுக்கும் தனித்தனி வணிக முறைமைகள் தேவை. உருவாக்கச் சூழலின் ஒவ்வொரு முறைமைக்கும் அடுத்த சூழலில் அதற்கு ஈடானது எது என்பதைப் பதிவேட்டில் இடமாற்ற இலக்காகக் குறிக்க வேண்டும். அமைவை நகர்த்தும்போது பெயர்கள் அதன்படி தாமே மாறும். இலக்கு குறிக்கப்படாத முறைமைக்கு இம்மாற்றம் நிகழாது.

உற்பத்தி முறைமையை நகலெடுத்துச் சோதனை முறைமை ஆக்கும்போது இடர் மிகுதி. நகல், உற்பத்தியின் தருக்கப் பெயரையும் இணைப்பு முகவரிகளையும் அப்படியே சுமந்து வரும். ஏபாப் முறைமைகளில் தருக்கப் பெயரை மாற்ற பி.டி.எல்.எஸ். என்னும் கட்டளை உண்டு. அதை இயக்கி இணைப்புகளையும் திருத்துமுன் எவரேனும் ஒரு மாதிரிப் பத்திரத்தைச் சோதித்தால், அது உண்மையான பட்டாவைத் தொடக்கூடும். இதனால், இத்திருத்தங்கள் முடியும் வரை நகலின் வெளியிணைப்புகள் அனைத்தையும் மூடி வைப்பது வழக்கம்.

தொடர்புத் தடங்களின் முகவரியும் கடவுச்சொல்லும் அமைவுடன் நகர்வதில்லை. அவற்றை ஒவ்வொரு சூழலிலும் கையால் நிரப்பிய பின்னரே அமைவைச் செயற்படுத்த வேண்டும்.