அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை

கோலா தெர்லா போன்ற மலைத் தோட்டங்களில் வாழும் நம் மக்கள், பிள்ளைக்குச் சின்னம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவது வழக்கம். அடுத்தடுத்து அமைந்த லயத்து வீடுகளில், அதைக் கண்டவர் உள்ளே நுழையத் தயங்குவர். நோய் பரவாதிருக்க இவ்வழக்கம் துணை செய்தது எனலாம்.

சின்னம்மை வைரசால் உண்டாகும் தொற்றுநோய். மூச்சுக் காற்றாலும் கொப்புள நீராலும் பரவும். தொற்றிய 10 முதல் 21 நாள்களில் வெளிப்படும். கொப்புளம் தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை பிறரைப் பற்றக்கூடும். அதுவரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாகாது. முன்பு அம்மை காணாத கருவுற்ற தாய்மார் அவ்வீட்டிற்குச் செல்லாதிருத்தல் நலம்.

வீட்டில் செய்யத்தக்கவை பல உண்டு. தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை காத்திராமல், நாள்தோறும் வெதுவெதுப்பான நீரில் மென்மையாகக் குளிப்பாட்டலாம். நகங்களைக் குறுக வெட்டி, மெல்லிய பருத்தி ஆடை அணிவிக்க வேண்டும். கஞ்சி, மோர், இளநீர் முதலியவற்றை அடிக்கடி கொடுக்கலாம். தினவெடுக்கும்போது நகத்தால் கீறாமல், தூய வேப்பிலைக் கொத்தால் மெல்ல வருடலாம். காய்ச்சலுக்கு வயதுக்கேற்ற அளவில் பாரசிட்டமோல் போதும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தல் கூடாது. இவை துன்பத்தைத் தணிப்பனவேயன்றி, வைரசை அழிப்பன அல்ல.

வேப்பிலை நல்லதென்று வேப்பெண்ணெயைக் குழந்தைக்குப் புகட்டுவது பேராபத்து. நம் நாட்டில் அவ்வாறு புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்டதை, மலேசிய மருத்துவர்கள் 1981-இல் லான்செட் மருத்துவ ஏட்டில் எழுதினர். அன்புடன் கொடுத்த மருந்தே நஞ்சாயிற்று.

மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, மயக்கம், நான்கு நாள்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்த வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காலந்தாழ்த்தாது தானா ராத்தா மருத்துவமனைக்குச் செல்க. பெரியவர்களுக்கும் கருவுற்றோருக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கும் அம்மை கண்டால், தொடக்கத்திலேயே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

பல தலைமுறைகளை வாட்டிய பெரியம்மை ஒழிந்ததென உலகச் சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. அதனை ஒழித்தது அம்மைக்குத்தும் முறையே. சின்னம்மைக்கும் இன்று தடுப்பூசி உண்டு. அதுபற்றி மருத்துவரிடம் கேட்டறிக. வேப்பிலை செருகிய வீட்டினுள் மருந்து நுழைவது அம்மனுக்கு ஆகாத செயலன்று.