மலைப்பாதையில் சக்கரம் சறுக்குகிறதா? டிபரன்ஷியல் லாக் தேர்வும் பயன்பாடும்

தருமபுரி நகருக்கு அருகே கிழக்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ளது வத்தல்மலை. பெரியூர், சின்னங்காடு, பால்சிலம்பு, ஒன்றிக்காடு போன்ற சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் ராகி, சாமை, கடுகு ஆகியவற்றோடு காப்பியும் மிளகும் பயிரிட்டு வருகின்றனர். முன்பு தலைச்சுமையாக இறங்கிய விளைபொருள்கள் இன்று இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் உள்ள தார்ச்சாலையில் வண்டியில் இறங்குகின்றன. ஆனால் தார்ச்சாலையிலிருந்து தோட்டம் வரை உள்ள பாதை பெரும்பாலும் மண்பாதைதான். காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து கொள்வதால், அந்தக் குறுகிய தூரத்திலேயே ஜீப்பும் டிராக்டரும் சறுக்கி நின்று விடுகின்றன.

ஒரு பின்சக்கரம் சேற்றில் வீணாகச் சுழல, மறு சக்கரம் அசையாமல் நிற்பதைப் பல விவசாயிகள் பார்த்திருப்பார்கள். எஞ்சினில் சக்தி இல்லை என்று எண்ணி ஆக்சிலேட்டரை மேலும் அழுத்தினால் சக்கரம் குழி பறிக்குமே தவிர வண்டி நகராது. இதற்குக் காரணம் பின் அச்சின் நடுவில் உள்ள டிபரன்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பே.

டிபரன்ஷியல் எதற்கு?

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தை விட அதிக தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.3 மீட்டர் என்று கொண்டால், முழுக் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வெளிச்சக்கரம் சுமார் 4 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. இந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுப்பதே டிபரன்ஷியலின் வேலை. இது இல்லாவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் டயர் தரையில் தேய்த்து இழுக்கப்படும். அச்சு முறியவும் கூடும்.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. சாதாரண டிபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமான விசையையே தரும். பிடிப்புக் குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ, அவ்வளவுதான் பிடிப்புள்ள சக்கரத்துக்கும் கிடைக்கும்.

மூன்று வகைகள்

சாதாரண டிபரன்ஷியல், லிமிடெட் ஸ்லிப் எனப்படும் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல், லாக் உள்ள டிபரன்ஷியல் என மூன்று வகைகள் உள்ளன. லிமிடெட் ஸ்லிப் வகையில் உராய்வுத் தட்டுகளோ தனிவகைப் பல்சக்கரங்களோ இருந்து, பிடிப்புள்ள சக்கரத்துக்குச் சற்றுக் கூடுதல் விசையைத் தாமாகவே அனுப்பும். லாக் வகையில் இரு சக்கரங்களும் ஒரே தண்டில் பூட்டியது போல ஒன்றாகவே சுழலும்.

ஓர் எடுத்துக்காட்டு. சுமையுடன் 1500 கிலோ எடையுள்ள ஜீப், பத்து அடிக்கு ஓரடி உயரும் சேற்றுப் பாதையில் ஏற வேண்டும். ஏற்றத்துக்கு 150 கிலோ, சேற்றின் தடைக்குச் சுமார் 150 கிலோ, ஆக 300 கிலோ இழுவிசை தேவை. கெட்டித் தரையில் உள்ள வலச்சக்கரம் 300 கிலோ வரை தாங்கும். சேற்றில் உள்ள இடச்சக்கரம் 50 கிலோ மட்டுமே தாங்கும் என்று கொள்வோம். சாதாரண டிபரன்ஷியலில் 50ம் 50ம் சேர்ந்து 100 கிலோதான் கிடைக்கும். பிடிப்புள்ள பக்கம் இரண்டரை மடங்கு அனுப்பும் லிமிடெட் ஸ்லிப்பில் 175 கிலோ கிடைக்கும். லாக் போட்டால் 350 கிலோ கிடைப்பதால் வண்டி ஏறிவிடும்.

இடச்சக்கரம் 100 கிலோ தாங்குமானால், சாதாரண வகையில் 200 கிலோ, லிமிடெட் ஸ்லிப்பில் 350 கிலோ, லாக்கில் 400 கிலோ. இங்கு லிமிடெட் ஸ்லிப்பே போதும். ஆக, இரு சக்கரத்துக்கும் ஓரளவு பிடிப்பு உள்ள ஈரப்பாதைக்கு லிமிடெட் ஸ்லிப் உதவும். ஒரு சக்கரம் ஆழ்ந்த சேற்றில் புதைந்தாலோ, பாறையில் ஏறி அந்தரத்தில் நின்றாலோ லாக்தான் கைகொடுக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் லாக் ஏற்கெனவே உள்ளது. ஓட்டுநரின் குதிகாலுக்கு அருகே உள்ள சிறிய மிதியே அது. புதிதாகச் செலவு செய்யத் தேவையில்லை. அது வேலை செய்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஜீப், பிக்கப் வண்டிகளில் நான்கு சக்கர இழுவை இருந்தாலே போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். லாக் இல்லாத வண்டியில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரு சக்கரங்கள் சறுக்கினால் நான்கு சக்கர இழுவையும் பயன்படாது. போர்ஸ் கூர்க்காவில் முன், பின் அச்சுகளை ஓட்டுநரே பூட்டும் லாக் உண்டு. மஹிந்திரா தார், பொலிரோ நியோ ஆகியவற்றின் சில வகைகளில் பின் அச்சு தானாகவே பூட்டிக் கொள்ளும்.

பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓடி, சிறிது தூரமே மண்பாதையில் செல்லும் வண்டிக்கு லிமிடெட் ஸ்லிப்போ தானாகப் பூட்டும் வகையோ ஏற்றது. நாள்தோறும் சேற்றிலும் பாறையிலும் செல்லும் வண்டிக்கு ஓட்டுநர் கட்டுப்பாட்டில் உள்ள லாக் நல்லது. பழைய ஜீப்புக்குப் புதிய லாக் பொருத்துவதற்கு முன் நல்ல பட்டன் உள்ள டயர் போட்டு, பாதையின் நீர்வடிகாலைச் சீர்செய்து பார்ப்பது சிக்கனம். பல இடங்களில் இதுவே போதுமானதாக இருக்கும்.

பழைய டிராக்டர் வாங்கும்போது

சமதரையில் எஞ்சினை நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் அச்சை உயர்த்தி உறுதியான தாங்கி மேல் நிறுத்த வேண்டும். கை பிரேக்கை விடுவித்து, கியரில் போட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றினால் மறு சக்கரம் எதிர்த்திசையில் சுழலும். லாக் மிதியை அழுத்திச் சுழற்றினால் இரண்டுமே சுழலக் கூடாது. சுழன்றால் லாக் பழுது என்று அறியலாம். லிமிடெட் ஸ்லிப் வகைக்கு அதற்கென்று குறித்த எண்ணெயையே ஊற்ற வேண்டும். தவறான எண்ணெயால் உராய்வுத் தட்டுகள் கெடும்.

பயன்படுத்தும் முறை

1. சக்கரம் வேகமாகச் சுழலும்போது லாக்கை அழுத்தக் கூடாது; பல் உடையும். வண்டியை நிறுத்தி, அல்லது சேற்றில் இறங்குமுன்பே, லாக் போட வேண்டும்.

2. நேராகச் செல்லும்போது மட்டுமே லாக் பயன்பட வேண்டும். லாக் போட்டபடி ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பாமல் நேரே செல்லப் பார்க்கும். வளைவின் ஓரத்தில் பள்ளம் உள்ள மலையில் இது உயிருக்கே ஆபத்து.

3. சேற்றைத் தாண்டியதும் உடனே விடுவிக்க வேண்டும். மிதி மேலே வராவிட்டால் கிளட்சை அழுத்தி விசையைக் குறைத்தால் விடுபடும். தார்ச்சாலை வளைவுக்கு முன் இதை உறுதி செய்து கொள்ள வேண்டும்.

4. பக்கவாட்டில் சரிந்த ஈரத்தரையில் லாக் போட்டால் இரு பின்சக்கரங்களும் ஒருசேரச் சறுக்கி, வண்டி சரிவின் கீழ்ப்பக்கம் வழுக்கி இறங்கக் கூடும். அத்தகைய இடத்தில் லாக்கைத் தவிர்ப்பது நலம்.

5. பின்சக்கரங்கள் புதைந்த டிராக்டரை லாக் போட்டு முன்னோக்கி முறுக்கினாலோ, சக்கரத்தில் மரக்கட்டை கட்டி ஏற்ற முயன்றாலோ, முன்பக்கம் எழும்பி டிராக்டர் பின்னால் கவிழலாம். மண்ணை வெட்டி விட்டுப் பின்னோக்கி எடுப்பதே பாதுகாப்பு.

6. லாக் வேலை செய்யாத டிராக்டரில், சுழலும் சக்கரத்தின் பக்கத்துப் பிரேக்கை மட்டும் மெதுவாக அழுத்தினால் மறு சக்கரத்துக்கு விசை செல்லும். சாலைக்கு வந்ததும் இரு பிரேக் மிதிகளையும் மறவாமல் இணைத்து விட வேண்டும்.

பவர் டில்லர் வைத்திருப்போருக்கு

பவர் டில்லர்களில் பொதுவாக டிபரன்ஷியலுக்குப் பதில் ஸ்டியரிங் கிளட்சுகள் உள்ளன. சமதரையில் இடப்பக்கக் கிளட்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்திலோ, விசையற்ற சக்கரம் வேகமாக உருள்வதால், எதிர்ப்பக்கம் திரும்பி விடும். ஆகவே இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல், குறைந்த கியரில், கைப்பிடியைத் தள்ளியே திருப்ப வேண்டும்.

பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையும் அணுகி, டிராக்டர் வாடகை, மானியம் பற்றிய விவரங்களைக் கேட்டறியலாம். வத்தல்மலை விவசாயிகள் மழைக்காலத்துக்கு முன்பே தங்கள் வண்டியின் லாக்கைச் சோதித்து, சேற்றில் சில மீட்டர் தூரத்துக்கு மட்டும் பயன்படுத்தி, வளைவுக்கு முன் விடுவிக்கும் பழக்கத்தைக் கைக்கொண்டால், விளைச்சலும் வண்டியும் ஓட்டுபவரும் பத்திரமாக அடிவாரம் வந்து சேரலாம்.