உப்பளக் கரையில் ஆறுதலாக ஒரு சைக்கிள் சவாரி

நடக்கவே நடக்காத காரியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், வுச்சீரியாவின் கற்கள் காயும்போது அது நடக்கும் என்பது பலெர்மோ வாசிகளின் பழைய வழக்கு. மீன் பெட்டிகளில் உருகும் பனிக்கட்டியும் வியாபாரிகள் அள்ளி ஊற்றும் தண்ணீரும் அந்தச் சந்தையின் கற்பாளங்களை எந்நேரமும் ஈரமாக வைத்திருந்த காலத்துப் பேச்சு அது. இன்று கடைகள் குறைந்து, இரவில் மதுச்சாலைகளின் ஆரவாரமே அங்கு மேலோங்கி நிற்கிறது. சந்தையின் பழைய நெரிசலை ரெனாத்தோ குத்தூசோ என்ற ஓவியர் 1974ஆம் ஆண்டு தீட்டிய பெரிய படத்திலேதான் முழுமையாகக் காணலாம். காய்ந்தாலும் காயாவிட்டாலும், சைக்கிள் ஓட்டுவதற்கு அந்தக் கற்கள் ஏற்றவை அல்ல. ஸ்கூட்டர்கள் சந்து பொந்தெல்லாம் நுழைந்து பறக்கும் இந்நகரில், ஊரில் பன்னிரண்டு வயதிலிருந்து சைக்கிளோடு வாழ்ந்த நம்மவர்கள் பலர் அதைத் தொட்டே பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஆனால் வுச்சீரியாவில் விற்கும் உப்பிட்ட மீனுக்கும் ஒலிவ் காய்க்கும் உப்புத் தந்த கரை ஒன்று இதே தீவில் உண்டு. பலெர்மோவிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் திராப்பானி நகரத்தை அடையலாம். அங்கிருந்து தெற்கே மர்சாலா வரை, கடலை ஒட்டி, சுமார் முப்பது கிலோமீற்றர் தூரத்துக்கு மேடென்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் உப்புப் பாத்திகளும் ஆழமற்ற கடலும், மறுபக்கம் திராட்சைத் தோட்டங்களும் வயல்களுமாக அந்த வழி செல்கிறது. பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைப் பக்கம் சைக்கிள் உழக்கிய எவருக்கும் இந்த வெளியும் இந்த உப்புக் காற்றும் புதியவை அல்ல. ஞாயிறுகளில் மொந்தே பெல்லெக்ரீனோ மலைமேல் சாந்தா ரொசலியாவின் குகைக்கு நடந்து ஏறிப் பழகிய கால்களுக்கு இது மிகவும் இலேசான பயணம்.

திராப்பானியை விட்டு வெளியேறியதும் பாத்திகள் தொடங்கிவிடுகின்றன. திராப்பானி, பாச்சேகோ உப்பளங்கள் 1995இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டன. உப்பு விளைவிக்கும் தொழில் அதனால் நிற்கவில்லை; பறவைகளும் தொழிலாளரும் அங்கே ஒரே நிலத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இவ்வுப்பளங்களின் பழமைக்குச் சாட்சி, ரோஜர் மன்னனுக்காகப் பலெர்மோவில் பணிபுரிந்து 1154இல் தன் புவியியல் நூலை முடித்த அல் இத்ரீசி. திராப்பானியின் உப்பளத்தை அவர் அந்நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.

முதலில் கடல்நீர் பெரிய பாத்தி ஒன்றுக்குள் விடப்படுகிறது. அங்கிருந்து படிப்படியாகச் சிறிய பாத்திகளுக்கு மாற்றப்பட்டு, வெயிலிலும் காற்றிலும் வற்றி, கடைசிப் பாத்தியில் உப்பாக உறைகிறது. உறைவதற்கு முன் சில பாத்திகளின் நீர் இளஞ்சிவப்பாகத் தோன்றும். யாரோ சாயம் கலந்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் நினைக்கக்கூடும்; கடும் உப்பிலும் வாழவல்ல நுண்ணிய பாசியின் நிறமே அது. ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு நீரை ஏற்ற முற்காலத்தில் உதவியவை காற்றாலைகள். ஆறு சிறகுள்ள ஆலை, உருளைக்குள் திருகுபோல் சுழலும் அலகு ஒன்றைச் சுற்றி நீரை மேலே கொண்டுவரும். உப்பை அரைக்கவும் இதே ஆலைகள் பயன்பட்டன. இப்போது பெரும்பாலான வேலையை மின்சாரப் பம்பு செய்கிறது. எனினும் பழுதுபார்க்கப்பட்ட ஆலைகள் சில இன்னும் நிற்கின்றன. நூபியா என்ற சிற்றூரில் பழைய உப்பாலைக் கட்டடம் ஒன்றே நூதனசாலையாக இருக்கிறது. அங்கே இறங்கி, வாரு பலகைகளையும் கூடைகளையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஆடி முதல் புரட்டாசி வரை உப்பு வாரும் காலம். வாரிய உப்பை வரம்புகளில் கூம்பாகக் குவித்து, மழை கரைக்காதிருக்க மண் ஓடுகளால் வேய்ந்துவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்பதுபோல் இருக்கும். ஆனையிறவைக் கடந்து வந்தவர்கள் வெள்ளைக் குவியல்களை நினைத்துக்கொள்வார்கள். அந்த உப்பளம் 1990இல் போரால் நின்றுபோய், மீண்டும் இயங்க ஏறக்குறையக் கால் நூற்றாண்டு சென்றது. உப்பு என்றதும் வேதாரணியத்துக்கு ராஜாஜி 1930இல் நடத்திச் சென்ற யாத்திரையும் நினைவுக்கு வரும். இத்தாலியிலும் உப்பு நெடுங்காலம் அரசின் ஏகபோகமாகவே இருந்தது. ஆனால் சிசிலித் தீவுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது; தனியார் இங்கே உப்பு விளைவித்து விற்க முடிந்தது.

பாத்திகளில் பூநாரைகளைக் காணலாம். மன்னாரின் வங்காலைக் கரைக்கு வரும் பூநாரையும் திராப்பானியில் நிற்கும் பூநாரையும் ஒரே இனம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டலாம். கிட்டப் போகாமல், சைக்கிளை விட்டிறங்காமல், மெல்ல உருட்டியபடி பார்ப்பதே நல்லது.

மெல்ல என்ற சொல்லைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தவருக்குச் சைக்கிள் என்பது எப்போதும் ஒரு காரியத்துக்காகவே இருந்தது. பள்ளிக்கூடம், ரியூஷன், சந்தை, கந்தோர் என்று அது ஓடியது. 1990க்குப் பின் பெற்றோல் தடைப்பட்ட ஆண்டுகளில், நோயாளியை ஏற்றியதும் விறகு மூட்டையைச் சுமந்ததும் அதுவே. பற்றரி கிடைக்காதபோது பின்சக்கரத்தை உயர்த்தி நிறுத்தி, ஒருவர் உழக்க, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வீட்டார் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கிப் போனபோது, கரியரிலும் பாரிலும் சாமான்களைக் கட்டி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போனதும் சைக்கிளைத்தான். அன்று அதில் ஏறி ஓட்டவே இடமிருக்கவில்லை. இப்படிப்பட்ட வாகனத்தை எடுத்துக்கொண்டு, எங்கும் அவசரமாகப் போய்ச் சேர வேண்டியதில்லாமல், காற்று வாங்கியபடி ஒரு நாள் முழுவதும் திரிவது நம்மில் மூத்தவர்களுக்கு முதல் அனுபவமாகவே இருக்கக்கூடும். இங்கே பிறந்த பிள்ளைகள் பலர் தம் தாய் சைக்கிள் ஓட்டக்கூடியவர் என்பதையே அறியமாட்டார்கள். அறிந்துகொள்ள இந்தக் கரை மிக வசதியான இடம்.

ஸ்தாஞோனே என்னும் கடனீரேரி மர்சாலாவுக்கு வடக்கே இருக்கிறது. இதுவும் தீவுகளோடு சேர்த்து 1984 முதல் பாதுகாக்கப்பட்ட பிரதேசம். பல இடங்களில் இடுப்பளவு நீர்தான். இறங்குதுறையில் சைக்கிளைப் பூட்டிவைத்துவிட்டுச் சிறு படகில் ஏறினால் சில நிமிடங்களில் மோத்சியாத் தீவு வந்துவிடும். குறிகட்டுவானில் சைக்கிளை விட்டு நயினாதீவுக்குப் படகேறிய நினைவு வராதவர் இருக்க முடியாது. மோத்சியாவில் பினீசியர் கட்டிய பட்டணத்தைக் கி.மு. 397இல் சிரக்கூசாவின் தியோனீசியசு மன்னன் அழித்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலெர்மோவில் வாழ்ந்த ஆங்கிலேய வம்சத்து மதுவணிகக் குடும்பத்தினரான யோசேப் விற்றேக்கர் தீவை வாங்கி அகழ்வாராய்ச்சி செய்தார். 1979இல் கண்டெடுக்கப்பட்ட சலவைக்கல் இளைஞன் சிலை அங்குள்ள நூதனசாலையின் பெருமை. உடுத்த துணியின் மடிப்புகளைச் சிற்பி கல்லில் எடுத்திருக்கும் விதம் ஒன்றுக்காகவே படகுக் கூலி கொடுக்கலாம்.

தீவிலிருந்து வடக்கே பெருநிலம் வரை, நீருக்குள் மூழ்கிய கற்பாதை ஒன்றும் உண்டு. ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளமுள்ள அப்பாதையில், இருபதாம் நூற்றாண்டிலும் திராட்சைக் குலைகளை ஏற்றிய வண்டிகள் சக்கரம் நனைய ஓடின. புங்குடுதீவுக்கு இறுக்கிய பாலத்தை நினைப்பவர்கள் இதைச் சற்று நேரம் நின்று பார்ப்பார்கள்.

போகிறவர்களுக்குச் சில விடயங்கள். மேடில்லாத நிலத்தில் காற்றே மேடு. மாலையில் எதிர்க்காற்றில் களைத்துப்போகாமலிருக்க, புறப்படும்போது காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது அதை முதுகில் வாங்கிக்கொள்வது புத்தி. சோளகத்தில் எதிர்த்து உழக்கியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஷிறொக்கோ என்னும் தென்கீழ்க் காற்று வீசும் நாளில் போகாமலே விடலாம். சித்திரை, வைகாசியும் புரட்டாசி, ஐப்பசியும் ஏற்ற காலம். உப்பு வாருவதைப் பார்க்க விரும்பி ஆடி, ஆவணியில் போவோர் பத்து மணிக்கு முன்பே பாதித் தூரத்தை முடித்துவிட வேண்டும்; நிழல் தரும் மரம் அங்கே அரிது. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். சைக்கிளைத் திராப்பானியிலேயே வாடகைக்கு எடுக்கலாம். மர்சாலா போகும் மாகாணச் சாலையில் கார்கள் விரைவாக வரும்; சிறுவரை நடுவில் விட்டு வரிசையாகச் செல்வது நல்லது. சூரியன் மறைந்து அரை மணிக்குப் பின் விளக்கும், நகருக்கு வெளியே ஒளி தெறிக்கும் மேற்சட்டையும் இத்தாலியச் சட்டப்படி அவசியம்.

நூபியாவின் சிவப்புப் பூண்டு பெயர்பெற்றது. பின்னல்போல் கட்டி விற்கிறார்கள். இரசத்துக்கு வாங்கி வரலாம். சொந்தச் சைக்கிள் கொண்டுபோனவர்கள் வீடு திரும்பியதும், களைப்பைப் பாராமல், நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும்; உப்புக் காற்றுப் பட்ட இரும்பு ஒரு கிழமை கூடப் பொறுக்காது.